விற்ற படத்தில் மறுபடியும் கை வைத்த ரெபின்

கரித்துண்டு:

மாஸ்கோவில் பாவெல் த்ரெத்தியாகோவ் என்று ஒரு பெரிய துணி வியாபாரி இருந்தார். ரஷ்ய ஓவியங்களாக வாங்கிக் குவித்து வீட்டையே காட்சிக்கூடம் ஆக்கியவர். 1887-இல் அவர் இல்லாத சமயம் பார்த்து ஓவியர் இலியா ரெபின் அங்கே போனார். மூன்று வருடத்துக்கு முன் தானே வரைந்து, கண்காட்சியில் வைத்து, த்ரெத்தியாகோவுக்கு விற்றும் விட்ட 'எதிர்பாராத வருகை' படத்தின் முன்னால் நின்றார். படத்தின் மைய ஆள் முகத்தை மாற்றி வரைந்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

திரும்பி வந்து பார்த்த த்ரெத்தியாகோவுக்கு வந்ததே கோபம்! ஆனால் அந்த முகத்தில் ரெபின் கை வைத்தது அது முதல் தடவையும் இல்லை, கடைசித் தடவையும் இல்லை. 1888-இல் மறுபடி மாற்றினார். இன்று நாம் பார்ப்பது அந்தக் கடைசி முகம்.

இதைத்தான் இங்கே கேட்க வந்தேன். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்ட படத்தைத் தொட ஓவியருக்கு உரிமை உண்டா? என் கட்சி: கிடையாது. வீட்டை விற்றபின் ராத்திரி சுவரேறிக் குதித்து ஜன்னலை இடம் மாற்றி வைக்கிற மேஸ்திரியை நாம் என்ன சொல்வோம்?

எனாமல்_டப்பா:

மேஸ்திரி கணக்கு இதற்குச் சரிவராது தம்பி.

நான் பதினெட்டு வருடம் சினிமா பேனர் வரைந்தவன். கட்டம் போட்டு, துண்டு துண்டாக வரைந்து, மேலே ஏற்றிச் சேர்த்துக் கட்டுவோம். கீழே உட்கார்ந்து வரையும்போது சரியாக இருக்கும். ஒரு தடவை கட்டி முடித்து இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன், கதாநாயகனின் இடது கண் அரை விரல்கடை கீழே இறங்கி இருக்கிறது. பஸ்ஸில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரிகிறது. அன்று சோறு இறங்கவில்லை. ராத்திரி ஏணி போட்டு ஏறிச் சரிசெய்துவிட்டு வந்தேன். தியேட்டர்காரர் என்னைத் திருடன் என்று நினைத்துப் பிடித்து வைத்துவிட்டார். கூலி பாக்கி வரவில்லை என்பது தனிக்கதை.

உரிமை இருக்கிறதா என்றெல்லாம் யோசித்துவிட்டு ஏணியைத் தூக்குவதில்லை. கண் கீழே இருக்கிறது, அவ்வளவுதான்.

நூலகப்பூனை:

டப்பா அண்ணே, உங்கள் கண் விஷயம் பிழை திருத்தம். ரெபின் செய்தது அது இல்லை, கதையையே மாற்றினார். படம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு நடுத்தரக் குடும்பத்து வரவேற்பறை. பகல் வெளிச்சம். அரசியல் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்ட ஒருவன் திடீரென்று வீட்டுக்குள் வந்து நிற்கிறான். அழுக்குக் கோட்டு, சேறு அப்பிய பூட்ஸ், கையில் தொப்பி. கதவைத் திறந்துவிட்ட வேலைக்காரப் பெண்ணுக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. முன்பக்கத்தில் வயதான அம்மா நாற்காலியிலிருந்து எழுகிறாள். அவள் முதுகுதான் நமக்குத் தெரிகிறது, முகம் தெரியாது. பியானோ பக்கம் ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள். மேசையில் இரண்டு பிள்ளைகள். பையனுக்கு அடையாளம் தெரிந்து முகம் மலர்ந்துவிட்டது. சின்னப் பெண்ணுக்குத் தெரியவில்லை, தலையைக் குனிந்து மிரண்டு பார்க்கிறாள். அவள் பிறந்து கொஞ்ச நாளில் அப்பாவைக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்கிறோம். சுவரில் ஏழை மக்கள் பக்கம் நின்று எழுதிய கவிஞர்கள் நெக்ராசோவ் படமும் ஷெவ்சென்கோ படமும் மாட்டியிருக்கின்றன. அது எப்பேர்ப்பட்ட வீடு என்று அந்தக் காலத்து ஆட்களுக்குச் சொல்ல அது போதும்.

இப்போது வந்தவன் முகத்துக்கு வருவோம். 1884-இல் முதலில் காட்சிக்கு வைத்தபோது கொஞ்சம் நிமிர்ந்த, வீரன் சாயல் கொண்ட முகம். பிறகு ரொம்பக் களைத்து, மூப்பு தட்டிய முகமாக மாற்றினார். கடைசியில் வைத்தது 'என்னை ஏற்றுக்கொள்வார்களா' என்று கேட்கிற முகம். மூன்றும் மூன்று வேறு படம்.

இன்னொன்று. ஆல்ஃபிரெட் யார்பஸ் என்ற சோவியத் விஞ்ஞானி, கண் எங்கே எங்கே போகிறது என்று பதிவுசெய்யும் சோதனைகளை நடத்தினார். அவர் எடுத்துக்கொண்ட படங்களில் பேர்பெற்றது இதுதான். இவர்களின் வயது என்ன என்று கேட்டால் பார்ப்பவரின் கண் முகம் முகமாகத் தாவியது. வசதி எப்படி என்று கேட்டால் உடைக்கும் மேசை நாற்காலிக்கும் போனது. வந்தவன் எவ்வளவு காலம் வெளியே இருந்திருப்பான் என்று கேட்டபோது, அவன் முகத்துக்கும் வீட்டார் முகங்களுக்கும் இடையில் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஊஞ்சலின் ஒரு முனையைத்தான் ரெபின் திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டியிருக்கிறார்.

சும்மா_வாசகன்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ரெபின் என்றால் எனக்கு அந்தப் படகு இழுக்கிற படம் மட்டும்தான் தெரியும். அதுவும் இவர்தானா?

பழைய_புத்தகம்:

இவரேதான். எங்கள் வீட்டில் 'சோவியத் நாடு' பத்திரிகை வரும். வழவழ தாள் என்பதால் பாதிப் பக்கம் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டையாகப் போய்விடும். படகிழுப்பவர்கள் படம் என் பூகோளப் புத்தகத்தின் அட்டையாக ஒரு வருடம் முழுக்க என்னோடு இருந்தது. கடைசியில் போகிறவனின் தலை மடிப்புக்குள் போய்விட்டதால் பத்துப் பேர் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு பேர்.

ரெபின் 1844-இல் சுகுயேவ் என்ற ஊரில் பிறந்தவர். இன்றைய உக்ரைனில் ஹார்கிவ் பக்கம். அப்பா ராணுவக் குடியேற்றத்துக்காரர், குதிரை வியாபாரமும் செய்தார். பையன் உள்ளூரில் ஐகான், அதாவது தேவாலயச் சாமி படம், எழுதுகிற ஓவியரிடம் தொழில் பழகி, தேவாலயங்களுக்கு வரைந்து காசு சேர்த்து, 1863-இல் பீட்டர்ஸ்பர்க் போனார். அந்த வருடம்தான் பின்னாளில் பெரிய ஓவியரான கிராம்ஸ்கோய் உட்பட பதினான்கு மாணவர்கள், போட்டிக்குக் கொடுத்த புராணத் தலைப்பில் வரைய முடியாது என்று சொல்லிக் கலைக் கழகத்தை விட்டு வெளியேறியிருந்தார்கள். ரெபின் வெளியேறவில்லை. உள்ளே போய், பைபிள் காட்சி வரைந்து, 1871-இல் தங்கப் பதக்கமும் வாங்கினார். ஆள் கெட்டிக்காரர்!

படகிழுப்பவர்களை முதலில் பார்த்தது 1868-இல், நேவா நதிக்கரையில். ஒரு பக்கம் குடை பிடித்து உலாவுகிற சீமாட்டிகள், இன்னொரு பக்கம் மார்பில் பட்டை மாட்டிப் படகு இழுக்கிற கந்தல் மனிதர்கள். இரண்டையும் ஒரே படத்தில் போடலாம் என்று ஸ்கெட்ச் செய்தார். அவரைவிட இளையவரான ஓவிய நண்பர் வசிலியேவ் பார்த்துவிட்டு, இது வலிந்து செய்தது, சீமாட்டிகள் எதற்கு, படம் இன்னும் எளிமையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரெபின் கேட்டுக்கொண்டார். அடித்துத் திருத்துகிற பழக்கம் அங்கேயே ஆரம்பம்.

1870 கோடையில் ரெபின், அவர் தம்பி, வசிலியேவ், இன்னொரு நண்பர் என்று நாலு பேராக வோல்கா நதிக்குப் போய் ஷிரியாயெவோ என்ற கிராமத்தில் தங்கினார்கள். படம் வரைவது சாத்தான் வேலை என்று கிராமத்துப் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்களாம். அங்கேதான் கானின் கிடைத்தார். பட்டம் பறிக்கப்பட்ட பாதிரியார், இப்போது படகு இழுப்பவர். படத்தில் முன்வரிசையில், நெற்றியில் துணி கட்டிக்கொண்டு போகிறவர். ரோமானியர்களிடம் அடிமையாக விற்கப்பட்ட கிரேக்க ஞானி மாதிரி அவரைப் பார்த்ததாக ரெபினே எழுதுகிறார். அந்த முகம் கிடைத்த பிறகு படம் நகர ஆரம்பித்தது. முடிந்தது 1873-இல்.

அடுத்த தடவை பார்க்கும்போது நடுவில் இருக்கிற பையனைப் பாருங்கள். மாடல் பெயர் லார்கா. மற்றவர்கள் பட்டைக்குள் தொங்கிக்கொண்டு போக, அவன் மட்டும் நிமிர்ந்து பட்டையைக் கையால் தளர்த்துகிறான். தோள் இன்னும் காய்க்கவில்லை. தூரத்தில், வலப்பக்கம், ஒரு நீராவிப் படகின் புகை. வேலை நடக்கும்போதே அந்த வேலைக்குச் சாவு வருகிறது, இழுக்கிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வெயில்காரி:

அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்தப் படத்தை யார் வாங்கியது என்பதை விட்டுவிட்டீர்களே. ஜாரின் மகன், இளவரசர் விளாதிமிர். 3,000 ரூபிள். மாட்டியது அரண்மனையின் பில்லியர்ட்ஸ் அறையில்! பதினோரு பேர் வெயிலில் படகிழுக்க, இவர்கள் கோலை நீட்டிப் பந்து தட்டியிருப்பார்கள். இதை யதார்த்தவாதம், மக்கள் கலை என்று கொண்டாடுவதில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல்.

பழைய_புத்தகம்:

தோழர், பில்லியர்ட்ஸ் அறை உண்மை. வியன்னா உலகக் கண்காட்சிக்கு, அங்கே இங்கே என்று படம் சுற்றிக்கொண்டே இருந்ததால் அந்த அறைச் சுவர் பெரும்பாலும் காலியாகக் கிடந்ததும் உண்மை. வாங்கியவர் இளவரசர் என்பதால் கானின் முகம் மாறிவிட்டதா? தஸ்தயேவ்ஸ்கி அந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது, பிரசங்கம் பண்ணுகிற படமாக இருக்குமோ என்று பயந்துகொண்டே போனேன், இதில் ஒருவன்கூடப் பார்வையாளனைப் பார்த்து 'நான் படுகிற பாட்டைப் பார்' என்று கத்தவில்லை என்கிறார். எனக்கு அது போதும்.

வெயில்காரி:

உங்களுக்குப் போதும். இழுத்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கரித்துண்டு:

சண்டை வேண்டாம், இரண்டு பேரும் நம் இழைக்கே தீனி கொடுத்திருக்கிறீர்கள். வாங்குகிறவன் சொல்லி ரெபின் மாற்றினாரா என்று பார்த்தால், அதுதான் இல்லை. 'கூர்ஸ்க் மாகாணத்தில் ஒரு ஊர்வலம்' படத்தை (1880-83) வாங்கும்போது, நடுவில் ஐகானைத் தூக்கிக்கொண்டு வருகிற பெருத்த சீமாட்டிக்குப் பதில் ஒரு அழகான பெண்ணை, பக்தி சொட்டுகிற முகத்தோடு போடக் கூடாதா என்று த்ரெத்தியாகோவ் கேட்டார். முடியாது என்று ரெபின் பதில் எழுதினார். அந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு ஆள் உறுத்தும் என்பது அவர் வாதம். அதே த்ரெத்தியாகோவ் கேட்காதபோது அவர் வீட்டிலேயே புகுந்து மாற்றுகிறார்.

ஆக, திருத்துகிற உரிமை எனக்கு மட்டும்தான் என்கிறார். இது அகங்காரம் இல்லாமல் என்ன?

எனாமல்_டப்பா:

அந்த ஊர்வலப் படத்தை இப்போதுதான் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். புழுதியை எப்படி வரைந்திருக்கிறான் மனுஷன்! கூட்டத்தின் பின்பகுதி முழுக்கப் புழுதிக்குள்ளே கரைகிறது. வெள்ளையைக் கலந்தால் புழுதி வராது, சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். ஊனமுற்ற பையன் கட்டையை ஊன்றி வேகமாக வருகிறான், அவனை ஒருவன் கோலால் ஒதுக்கித் தள்ளுகிறான். சாமி கும்பிடப் போகிற கூட்டத்தில்.

இவ்வளவு வரையத் தெரிந்தவன் ஒரு முகத்துக்கு நாலு வருடம் தடுமாறினான் என்றால் அதை அகங்காரம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. பயம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நூலகப்பூனை:

தடுமாறாமல் வரைந்ததும் உண்டு. இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி குடியால் உடம்பு கெட்டு ராணுவ மருத்துவமனையில் கிடந்தபோது, 1881 மார்ச்சில், நாலே அமர்வில் முடித்தார். படத்தைச் சாய்த்து வைக்கிற தாங்கிகூட இல்லாமல் ஒரு சின்ன மேசையில் வைத்து வரைந்தது. கலைந்த முடி, சிவந்த மூக்கு, மருத்துவமனை அங்கி, அந்தக் கண். சில நாளில் முசோர்க்ஸ்கி செத்துப்போனார். திருத்துவதற்கு மாடல் இல்லை.

பழைய_புத்தகம்:

இழையின் தலைப்புக்கு இன்னும் பொருத்தமான கதை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'இவான் தி டெரிபிளும் அவர் மகனும், 1581 நவம்பர் 16.' ஜார் இவான் ஆத்திரத்தில் கோலால் அடித்துத் தன் மகனையே கொன்றுவிட்ட அடுத்த நிமிடம். மகனின் நெற்றிப்பொட்டில் ரத்தம். அதைக் கையால் பொத்தி நிறுத்தப் பார்க்கிறார் கிழவர். கண் இரண்டும் பிதுங்கி நிற்கிறது. மகனுக்கு மாடல்களில் ஒருவர் எழுத்தாளர் கார்ஷின். மூன்று வருடம் கழித்து, 1888-இல், அந்தக் கார்ஷின் மாடிப்படிச் சந்தில் விழுந்து உயிரை விட்டார்.

1885-இல் படம் காட்சிக்கு வந்ததும் அரசவையில் ஒரே அமளி. தேவாலய நிர்வாகத்தைப் பார்த்துவந்த உயர் அதிகாரி போபெதனோஸ்த்செவ் ஜாருக்குக் கடிதம் எழுத, படத்தைக் காட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. வாங்கியிருந்த த்ரெத்தியாகோவ் சில மாதம் மூடி வைத்திருந்தார், பிறகு தடை நீங்கியது.

1913 ஜனவரியில் பலாஷோவ் என்ற ஐகான் ஓவியர் ஒருவர், 'போதும் ரத்தம்' என்று கத்திக்கொண்டு கத்தியால் இரண்டு முகங்களையும் மூன்று இடத்தில் கீறிவிட்டார். படங்களைப் பராமரித்து வந்த ஹ்ருஸ்லோவ் அந்தத் துக்கம் தாங்காமல் ரயிலின் முன் விழுந்து செத்தார். ஒரு படத்துக்காக ஒரு உயிர். கவிஞர் வொலோஷின் மேடை போட்டு, குற்றம் கத்திக்காரன் மேல் இல்லை, இவ்வளவு அகோரமாக வரைந்த படத்தின் மேல்தான், இதைத் தனி அறையில் வைத்துப் பெரியவர்களை மட்டும் உள்ளே விடுங்கள் என்று பேசினார். அரங்கில் ரெபினும் உட்கார்ந்திருந்தார். எழுந்து பதில் சொன்னார். வயது 68.

இனிதான் நம் விஷயம். கிழிசலைப் பின்பக்கத்திலிருந்து சேர்த்து ஒட்டிவிட்டார்கள். முகத்தில் வண்ணம் போன இடங்களைச் சரிசெய்ய ரெபினையே கூப்பிட்டார்கள். த்ரெத்தியாகோவ் காட்சிக்கூடத்தின் பொறுப்பை ஏற்றிருந்த ஓவியர் இகோர் கிராபார் அப்போது அங்கே இல்லை. ரெபின் வந்தார். சேதமான இடத்தை மட்டும் அடைப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் இவானின் தலை முழுவதையும் புதிதாக வரைந்துவிட்டார்! அதுவும் பிற்காலத்தில் அவருக்குப் பிடித்துப்போன ஒருவித ஊதா நிறத்தில். வரைந்துவிட்டு ரயிலேறிவிட்டார்.

கிராபார் வந்து பார்க்கிறார். வண்ணம் இன்னும் காயவில்லை. பழைய படத்தோடு அந்த ஊதா எந்த விதத்திலும் ஒட்டவில்லை. பஞ்சில் மண்ணெண்ணெயைத் தொட்டு, ரெபின் புதிதாகப் போட்டது முழுவதையும் துடைத்து எடுத்துவிட்டார். பிறகு, சேதமான இடங்களை மட்டும் நீர்வண்ணத்தில் நிரப்பி மேலே வார்னிஷ் பூசினார்.

இப்போது சொல்லுங்கள் கரித்துண்டு. ஓவியருக்கு உரிமை கிடையாது என்றால், கிராபாருக்கு உண்டா?

கரித்துண்டு:

துடைத்துவிட்டாரா!

இது தெரியாது எனக்கு. மேஸ்திரி உதாரணத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். 1885-இன் ரெபினை 1913-இன் ரெபினிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார் கிராபார். அவர் துடைத்தது சரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதே வாயால் 1888-ஐயும் துடைக்கச் சொல்வேனா என்றால், மாட்டேன். அந்தக் கடைசி முகம் இல்லாமல் 'எதிர்பாராத வருகை' வெறும் வீரன் திரும்புகிற படமாக நின்றிருக்கும். இரண்டையும் ஒரே விதியில் அடைக்க எனக்குத் தெரியவில்லை.

வெயில்காரி:

நாற்பத்து மூன்று வயதுக்காரரின் திருத்தத்துக்கு மரியாதை, அறுபத்தெட்டு வயதுக்காரரின் திருத்தத்துக்கு மண்ணெண்ணெய். வயசானவர்களை வீட்டிலும் இப்படித்தான் நடத்துகிறோம்.

சும்மா_வாசகன்:

ஒரு சந்தேகம். இவரை ரஷ்ய ஓவியர் என்பதா உக்ரைன் ஓவியர் என்பதா? இணையத்தில் இரண்டும் இருக்கிறது.

நூலகப்பூனை:

பிறந்தது உக்ரைன் மண்ணில். படித்ததும் தொழில் செய்ததும் பெரும்பாலும் பீட்டர்ஸ்பர்க்கில். துருக்கி சுல்தானுக்கு நக்கலாகக் கடிதம் எழுதிச் சிரிக்கிற ஜப்பரோழியக் கொசாக்குகள் (உக்ரைன் பக்கத்துப் போர்வீரர்கள்) படத்துக்காகப் பத்து வருடத்துக்கு மேல் உக்ரைன் முகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அதை 35,000 ரூபிள் கொடுத்து வாங்கியது ரஷ்ய ஜார் மூன்றாம் அலெக்ஸாண்டர். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2023-இல் பெயர்ப்பலகையை உக்ரைன் என்று மாற்றியது. இதற்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள், இங்கே வேண்டாம், புண்ணியமாகப் போகும். கடைசி முப்பது வருடம் வாழ்ந்த குவோக்கலா கிராமம், 1917-இல் ஃபின்லாந்து தனி நாடானதும் ரஷ்யாவுக்கு வெளியே போய்விட்டது, எல்லை மூடிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொண்டால் குழப்பம் முழுமையாகும்.

பழைய_புத்தகம்:

குவோக்கலா என்றதும் அந்த வீட்டுச் சாப்பாடு ஞாபகம் வருகிறது. துணைவி நதாலியா நோர்த்மன் தீவிர சைவம். புதன்கிழமை விருந்தாளிகளுக்குப் புல் சூப். நடுவில் சுழலும் வட்ட மேசை, அவரவர் சுற்றி அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தவருக்கு உதவி செய்தால் தண்டனையாக மேடை ஏறிப் பேச வேண்டும். அங்கே விருந்துக்குப் போகிறவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்பது என் ஊகம்.

அந்தக் காலத்தில்தான் வலது கை வலுவிழந்தது. இடது கையால் வரையப் பழகினார். வண்ணத் தட்டைப் பிடிக்க முடியாததால் வார் போட்டு இடுப்போடு மாட்டிக்கொண்டார். கைக்கு ஓய்வு கொடுக்கட்டும் என்று நண்பர்கள் பென்சில், தூரிகை எல்லாவற்றையும் ஒளித்து வைப்பார்களாம். ஆள் பேசிக்கொண்டே, கிடந்த சிகரெட் துண்டை எடுத்து மைக்கூட்டில் தோய்த்து எதிரே இருப்பவரை வரைய ஆரம்பித்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரரான எழுத்தாளர் சுக்கோவ்ஸ்கி இதை எழுதியிருக்கிறார். நேவாக் கரையில் நிற்கிற புஷ்கின் என்று ஒரு படம், கிட்டத்தட்ட இருபது வருடம் மாற்றி மாற்றி வரைந்தும் அவருக்குத் திருப்தி வரவில்லை.

எனாமல்_டப்பா:

சிகரெட் துண்டா. நான் தீக்குச்சியில் வரைந்திருக்கிறேன்.

அது இருக்கட்டும். அந்த இவான் படத்தை ரெபின் மறுபடி வந்து பார்த்தாரா? துடைத்தது தெரிந்ததா அவருக்கு?

பழைய_புத்தகம்:

பார்த்தார். பிற்பாடு மாஸ்கோ வந்தபோது அந்தப் படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றாராம். தன் ஊதா அங்கே இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது என்று கிராபார் எழுதுகிறார்.

எனாமல்_டப்பா:

தெரியாமல் இருக்குமா? கிராபாருக்கு அப்படித் தோன்றியிருக்கும்.

நூலகப்பூனை:

டப்பா அண்ணே, அந்த பேனர் எந்தப் படத்துக்கு வரைந்தது என்று சொல்லவே இல்லையே?

எனாமல்_டப்பா:

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பெயர் எதற்கு. பேனரை இறக்கி, வெள்ளை அடித்து, அடுத்த படத்துக்கு அதே துணியில் வரைந்தேன்.